சில்லில்லாச் சீட்டும் சங்கத்துப் பேரேடும்

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். ஆண்டறிக்கை படித்து முடிந்ததும் இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்தார். “சேலையில் ஒட்டும் மின்னணுச் சீட்டு இப்போது சில்லு இல்லாமலேயே வந்துவிட்டதாமே! மையால் அச்சடித்தால் போதுமாம், காசுக் கணக்கில்தான் விலையாம். அதை நம் சங்கம் வாங்கினால் போலிச் சரக்கு ஒழிந்துவிடாதா?” என்று கேட்டார். தலைவர் நம்மை நோக்கினார். அவ்விடத்தில் சுருக்கமாக ஏதோ சொல்லி அமர்ந்தோம். கேள்வி மட்டும் நம்மை விடவில்லை. நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் அதற்கு விரிவாக விடை கூறுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

விடைக்கு முன்னர், நாம் பணியில் சேர்ந்த புதிதில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சங்கத்தில் ஆண்டிறுதி இருப்புச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. பதிவேட்டில் 412 சேலைகள். அலமாரியிலும் 412 சேலைகள். கணக்கு நேர் என்று கையொப்பமிட இருந்தோம். அப்போது முதிய நெசவாளர் ஒருவர் வந்து நின்றார். அவர் நெய்து கொடுத்த சேலை இரண்டாந்தரம் என்று குறிக்கப்பட்டு, கூலியில் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. அந்தச் சேலையை எடுத்து விரிக்கச் சொன்னார். கரையும் உடலும் சேரும் கோர்வையை விரலால் தடவிப் பார்த்து, “இது என் கை இல்லீங்க, ஐயா” என்றார்.

சேலையில் குத்தியிருந்த துண்டுச் சீட்டிலோ அவருடைய எண்தான் இருந்தது. என் செய்வது? தறியிலிருந்து இறக்கிய அன்று எடை போட்டு எழுதிய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னோம். அவர் கொடுத்த சேலையின் எடை 612 கிராம் என்று அதில் கண்டிருந்தது. கையில் இருந்த சேலையை நிறுத்தோம். 574 கிராம்தான் இருந்தது. மடிப்பு மாற்றும்போது ஊசியைக் கழற்றியவர்கள் இரு சேலைகளின் சீட்டுகளை மாற்றிக் குத்திவிட்டனர். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பிடித்தம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சீட்டு பொய் சொல்லிற்று, பதிவேடு மெய் சொல்லிற்று. இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். சில்லுள்ள சீட்டு நமக்குப் புதிதன்று. சுங்கச் சாவடியில் வண்டியின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அவ்வகையைச் சேர்ந்ததே. 2021 பிப்ரவரி முதல் அது நாடெங்கும் கட்டாயமாயிற்று. அதனுள் மின்கலம் இல்லை. சாவடியிலுள்ள கருவி அனுப்பும் வானொலி அலையிலிருந்தே அதன் சில்லு வேண்டிய ஆற்றலைப் பெற்று விழித்தெழுந்து, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லுகிறது. சில்லு என்பது மணலளவேயான ஒரு கணக்குப்பிள்ளை என்க. கேட்டால் பதில் சொல்வான். “சற்றுப் பொறு, மற்றவன் சொல்லட்டும்” என்றால் பொறுப்பான். இச்சீட்டு ஒன்றின் விலை சில ரூபாய்தான். ஆயினும் நூறு ரூபாய்த் துண்டுக்கும் ஐம்பது ரூபாய்ப் பொட்டலத்துக்கும் அந்தச் சில ரூபாயும் சுமையே. அச்சுமையைக் குறைக்கவே சில்லை நீக்கிவிட்டால் என்ன என்று ஆராய்ச்சியாளர் எண்ணினர்.

சில்லை நீக்கினால் பதில் சொல்ல ஆள் இல்லை. பின்னர் எண்ணை எங்கே எழுதுவது? உலோகத்தின் வடிவத்திலேயே எழுதுவது என்பதுதான் அவர்கள் கண்ட வழி. இதற்கு அடிப்படை ஒத்ததிர்வு என்னும் இயற்கை நியதி. ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு வீணைகளை அருகருகே வைத்து ஒன்றின் தந்தியை மீட்டினால், மற்றதில் அதே சுருதியுள்ள தந்தி தானாகவே நடுங்கும். ஏனைய தந்திகள் வாளாவிருக்கும். வானொலி அலைக்கும் இவ்வாறே. குறிப்பிட்ட நீளமும் வளைவும் உள்ள உலோகக் கீற்று ஒன்று, தனக்குரிய அதிர்வெண்ணில் அலை வந்தால் மட்டுமே அதனை உள்வாங்கி அதிரும். அத்தகைய கீற்றை ஒத்ததிர்வி என்போம். நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும்; நீளம் கூடினால் அதிர்வெண் குறையும்.

ஒரு சீட்டில் வெவ்வேறு அளவுள்ள பல ஒத்ததிர்விகளை அச்சிட்டு வைக்கிறார்கள். படிக்கும் கருவி தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை படிப்படியாக அலையை அனுப்பிக்கொண்டே போகிறது. எந்தெந்த அதிர்வெண்ணுக்கு ஒத்ததிர்வி இருக்கிறதோ, அந்தந்த இடத்தில் அலை விழுங்கப்பட்டுத் திரும்பி வரும் அலையில் ஒரு பள்ளம் தோன்றுகிறது. பள்ளம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுன்னம். நம் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் ஊசி உட்செல்லும். துளை இல்லாவிட்டால் நிற்கும். துளையும் துளையின்மையுமே சேர்ந்து மயிலும் மாங்காயும் முந்தியில் மலர்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்துத் தறியில் பிறந்த அந்த எண்ணமே, இன்று வானொலி அலையின் மேல் நெய்யப்படுகிறது என்றால் அது மிகையாகாது.

மின்கலமும் இன்றி வெளி அலையால் மட்டும் இயங்கும் ஒத்ததிர்விக்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. 1945-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டு மாணவர்கள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தனர். அதனுள் லெவ் தெர்மின் என்னும் விஞ்ஞானி அமைத்த ஒலிவேவுக் கருவி இருந்தது. அதில் மின்கலமும் இல்லை; கம்பித் தொடர்பும் இல்லை. ஒரு மெல்லிய தகடு மூடிய ஒத்ததிர்வுக் குழியும் ஓர் ஏரியலுமே இருந்தன. வெளியிலிருந்து அலையைச் செலுத்தியபோதுதான் அது உயிர் பெற்றது. ஆகவே 1952 வரை எவரும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. அன்று மறைவாகக் கேட்கப் பயன்பட்ட நியதியைத்தான் இன்று எண்ணைச் சுமக்கப் பழக்குகின்றனர்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பிரெராடோவிச்சும் நேமாய் கர்மாகரும் அவர்தம் குழுவினரும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. அலையை வாங்க ஓர் ஏரியல், திருப்பி அனுப்ப ஓர் ஏரியல், இரண்டையும் இணைக்கும் ஒரு கம்பித்தடம், அத்தடத்தின் ஓரமாக 35 சுருள்வடிவ ஒத்ததிர்விகள் என்பது அதன் அமைப்பு. 3.1 முதல் 7 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் அது 35 பிட்டுகளைச் சுமந்தது. 35 பிட்டுகள் என்றால் 3,435 கோடிக்கும் மேற்பட்ட தனித்தனி எண்கள். பிரான்சில் கிரனோபிள் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வேனா, பெர்ரே, டெட்ஜினி ஆகியோர் வேறு வழி கண்டனர். ஒத்ததிர்வி உண்டா இல்லையா என்று மட்டும் பாராமல், அதன் பள்ளம் எந்த இடத்தில் விழுகிறது என்பதையும் எழுத்தாகக் கொண்டனர். ஓர் ஒத்ததிர்வியைப் பத்து இடங்களில் ஒன்றில் நிறுத்தலாம் எனில், ஐந்து ஒத்ததிர்விகளால் ஒரு லட்சம் எண்களை எழுதலாமன்றோ? அத்துடன் அலையின் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, ஐந்தே கீற்றுகளில் ஏறத்தாழ 23 பிட்டுகளை 2011-இல் எழுதிக் காட்டினர்.

இவை பெருமைக்குரிய சாதனைகள், ஐயமில்லை. எனினும் ஆராய்ச்சிச் சாலை வேறு, நம் சரக்கறை வேறு. நம் பொருள்களின் மேல் இச்சீட்டு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

முதலாவது, ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளியிழை சுற்றிப் பொன்முலாம் பூசியது. போலி ஜரிகையிலும் உலோகம் உண்டு. ஒத்ததிர்வியின் அருகில் உலோகம் வந்தால் அதன் சுருதி கலையும்; பள்ளம் இடம் மாறும், அல்லது மங்கும். அகலக் கரையும் கனத்த முந்தியும் உள்ள சேலையை மடித்து வைத்தால் சீட்டின் முன்னும் பின்னும் ஜரிகைதான். எந்தச் சேலைக்கு அடையாளம் மிகவும் வேண்டுமோ, அந்தச் சேலையே சீட்டைக் குழப்பும் என்பது ஒரு விந்தை.

இரண்டாவது, ஈரம். நீரானது மின்புலத்தைத் தாங்கும் தன்மையில் காற்றைவிட ஏறத்தாழ 80 மடங்கு மிக்கது. அலையின் ஆற்றலையும் உண்டுவிடும். நம் விவசாயி அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகவைத்து உலர்த்திய மஞ்சள் மூட்டையும், வெயிலில் காய்ந்த பருத்திப் பொதியும் ஒரு விதமாகப் பேசும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய சாக்கு வேறு விதமாகப் பேசும். சீட்டு ஒன்றே, மூட்டையும் ஒன்றே. பருவம் மாறினால் எண் மாறித் தோன்றலாம்.

மூன்றாவது, துணியின் நெகிழ்வு. மோனாஷ் சீட்டில் 35 ஒத்ததிர்விகள் ஏறத்தாழ 3,900 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 110 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. 5 கிகாஹெர்ட்ஸில் நிற்கும் கீற்றின் நீளம் நூற்றில் ஒரு பங்கு மாறினால் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸ் விலகும். அதாவது பாதி வழி அடுத்த வீட்டை நோக்கிப் போய்விடும். துணியின் மேல் நேராக அச்சிட்டால் நூற்றில் ஒரு பங்கு இழுபடாத துணி எது? மேலும், வெள்ளித்துகள் கலந்த மையானது செப்புத் தகட்டைப்போல் மின்னோட்டத்தை எளிதில் விடாது. ஆகவே பள்ளங்கள் கூர்மை இழந்து அகன்று ஒன்றையொன்று தொடும். பள்ளம் அகன்றால் ஒரு பட்டையில் அடங்கும் பிட்டுகள் குறையும். மலிவான மையும் மிகுதியான பிட்டும் ஒருசேரக் கிட்டுவது அரிது.

நான்காவது, கூட்டம். சில்லுள்ள சீட்டுகள் நூறு இருந்தாலும் முறைவைத்துப் பதில் சொல்லும். சில்லில்லாச் சீட்டுக்கு முறை தெரியாது. இரண்டு சேர்ந்தால் இரண்டின் பள்ளங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகையால் ஒரு பேல் துணியைக் கருவியின் முன் வைத்து ஒரே நொடியில் எண்ணிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக, சாண் முழ தூரத்தில் வைத்தே படிக்க வேண்டும். சீட்டின் விலை காசுக் கணக்காயினும், அகன்ற பட்டையை அளக்கும் கருவியின் விலை அவ்வாறன்று. மிச்சப்பட்ட செலவு சீட்டிலிருந்து கருவிக்கு இடம் பெயர்ந்தது என்பதே உண்மை.

எல்லாவற்றினும் பெரிது ஐந்தாவது. சில்லில்லாச் சீட்டுக்கு இரகசியம் என்பது கிடையாது. கேட்டவர் எவராயினும் தன் எண்ணைச் சொல்லிவிடும். அளக்கத் தெரிந்தவனும் அச்சடிக்கத் தெரிந்தவனும் கூடினால் அதே எண்ணில் ஆயிரம் சீட்டு செய்யலாம். அச்சில் தானாக நேரும் நுண்ணிய வேறுபாடுகளையே கைரேகைபோலக் கொண்டு அசலைப் பிரித்தறியலாமா என்று ஆராய்ந்து வருகின்றனர். அது கைகூடினால் நன்று. அதுவரை சில்லில்லாச் சீட்டைப் பூட்டு என்று எண்ணுவது தவறு. அது வெறும் பெயர்ப்பலகை. ஆகவே, ‘போலிச் சரக்கு ஒழிந்துவிடாதா?’ என்ற அந்த இளைஞரின் கேள்விக்கு நம் விடை, சீட்டால் மட்டும் ஒழியாது என்பதே.

அப்படியானால் இதனைத் தள்ளிவிட வேண்டியதுதானா? அன்று. இதன் நற்குணங்களும் பல. கட்டைக்கோடும் கட்டக்குறியும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் படிக்க முடியும். அழுக்கும் மடிப்பும் அவற்றுக்குப் பகை. வானொலிச் சீட்டோ உறைக்குள் இருந்தாலும் பேசும். சில்லில்லாததால் இஸ்திரியின் சூட்டுக்கு உருகும் நுண்கருவி எதுவும் அதில் இல்லை. ஆனால் நமது துணிபு வேறொன்றைப் பற்றியது. இச்சீட்டின் குறை என்று சொல்லப்படுவதே, அதாவது அது சில பிட்டுகளை மட்டுமே சுமக்கும் என்பதே, சங்கங்களுக்கு நல்லதொரு பாடம் என்று கருதுகிறோம்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சங்கத்தில் 300 தறிகள், தறிக்கு மாதம் 3 சேலைகள் என்று கொள்வோம். மாதம் 900, ஆண்டுக்கு 10,800. இவற்றுக்குத் தனித்தனி எண் கொடுக்க 14 ஒத்ததிர்விகள் போதும்; அவை 16,384 எண்களைத் தரும். 20 ஒத்ததிர்விகள் என்றால் 10,48,576 எண்கள். அச்சங்கத்துக்கு 97 ஆண்டுகளுக்குப் போதும். இருக்கும் ஒத்ததிர்விகளின் மொத்தம் எப்போதும் இரட்டைப்படையாக வருமாறு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால், ஒரு பள்ளம் தவறிப் படிக்கப்படும்போது பிழையும் வெளிப்பட்டுவிடும். நெய்தவர் பெயர், பாவின் நூல் எண், ஜரிகையின் தரம், எடை, கொடுத்த கூலி ஆகிய இத்தனையையும் சீட்டில் எழுத வேண்டியதே இல்லை. எண் சீட்டில் இருக்கட்டும். விவரம் பேரேட்டில் இருக்கட்டும். ஒரே எண் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் விற்பனையானால், போலியைக் காட்டிக்கொடுப்பது சீட்டன்று, பேரேடே.

ஆகவே உண்மையான வினா, சீட்டில் சில்லு உண்டா இல்லையா என்பதன்று. பேரேடு எவர் கையில் இருக்கிறது என்பதே. நாம் அஞ்சுவது இதற்குத்தான். பேரேடு சீட்டு விற்ற நிறுவனத்தின் கையிலோ கொள்முதல் வியாபாரியின் கையிலோ போய்ச் சேருமானால், நெய்தவர் தம் சேலையைத் தாமே அறிய முடியாத நிலை ஏற்படும். அந்த முதியவர் வந்து நின்றபோது எடைப் பதிவேடு சங்கத்தின் மேசையிலேயே இருந்தது. ஆதலால் நீதி கிடைத்தது. அது வேற்றூரில், வேற்றார் கணினியில், கட்டணம் செலுத்தித் திறக்க வேண்டியதாய் இருந்திருப்பின் அவருடைய பிடித்தம் பிடித்தமாகவே இருந்திருக்கும்.

அரசாங்கம் தரும் முத்திரைகளிலும் இவ்வேறுபாட்டை உறுப்பினர்கள் உணர வேண்டும். 2004-இல் வந்த பட்டு முத்திரை, பொருள் தூய பட்டு என்பதற்குச் சான்று. விசைத்தறியில் நெய்த தூய பட்டுக்கும் அது பொருந்தும். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்பதற்குச் சான்று. காஞ்சிபுரம் பட்டுக்கும் ஈரோடு மஞ்சளுக்கும் கிடைத்துள்ள புவிசார் குறியீடோ விளைந்த இடத்துக்கும் மரபுக்கும் சான்று. மூன்றும் மூன்று கேள்விகளுக்கு விடை. எவர் நெய்தார், எவர் விளைவித்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்னும் நான்காவது கேள்விக்குச் சங்கத்துப் பேரேடு ஒன்றே விடை தரும்.

எனவே, எந்த மின்னணுச் சீட்டையும் ஏற்குமுன் நிர்வாகக் குழுக்கள் நான்கு நிபந்தனைகளை வற்புறுத்த வேண்டும் என்பது நம் கருத்து.

முதற்கண், சரக்கு உறுப்பினரின் கையை விட்டு நீங்குமுன், அவர் கண்ணெதிரே, எடை போடும்போதே எண் இட வேண்டும். கிடங்கில் குவித்த பின்னர் சீட்டு ஒட்டுவது பழைய பிழையைப் புதிய மையால் எழுதுவதாகும்.

அடுத்து, பேரேடு சங்கத்துக்கு உரிமையாக இருக்க வேண்டும். உறுப்பினர் எவரும் தம் பக்கத்தைக் கட்டணமின்றிக் காணலாகும்.

மூன்றாவதாக, எந்த அதிர்வெண்ணுக்கு எந்த எண் என்ற அட்டவணையை விற்பவர் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் கருவி பழுதாகும் நாளில் அவரே நமக்கு எசமானர்.

நான்காவதாக, சீட்டின் விலையையும் கருவியின் விலையையும் கூலியிலோ கொள்முதல் விலையிலோ பிடிக்கலாகாது. பெயரைக் காப்பதற்குப் பெயருக்குரியவரிடமே வரி வாங்குவது முறையன்று.

தனிச் சங்கம் ஒன்று இக்கருவியை வாங்கிப் பார்ப்பது வீண் செலவு. ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் சில ஒன்றுகூடி, பொறியியற் கல்லூரி ஒன்றின் துணையுடன் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சோதனை நடத்தலாம். ஜரிகைச் சேலை, பருத்தி வேட்டி, மஞ்சள் மூட்டை ஆகிய மூன்றின்மேலும் சீட்டை ஒட்டிப் பார்த்து, எத்தனை முறை எண் சரியாக வந்தது என்று எழுதி வைக்கட்டும். அக்கணக்கைப் பேரவையில் படிக்கட்டும். அதன் பின்னர் வாங்குவதா வேண்டாமா என்று உறுப்பினரே தீர்மானிப்பர். அதுவரை அச்சடித்த கட்டக்குறியும் ஒழுங்கான எடைப் பதிவேடுமே பெரும்பாலான சங்கங்களுக்குப் போதும்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட இளைஞரை நாம் பாராட்டுகிறோம். தம் கைவேலையின் பெயர் கைமாறிப் போகலாகாது என்ற கவலைதான் அவரைப் பேச வைத்தது. அக்கவலைக்குத் துணையாக விஞ்ஞானம் வரட்டும், வரவேற்போம். ஆனால் அது வந்து சேரும் நாளில், நம் எடைப் பதிவேடு அன்றன்று எழுதப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, மேசையின் மேல் திறந்திருக்க வேண்டும். அடுத்த முறை தணிக்கைக்கு வரும்போது நாம் முதலில் கேட்கப்போவது அதனைத்தான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.